ரேஸ் ட்ராக்கில் உடைத்த பூசணிக்காய்

என் டிரைவிங் ஸ்கூலை மூடியது நீங்கள்தான், மாமா. திறப்பதற்கு முன்பே மூடினீர்கள். இதை உங்கள் முகத்துக்கு நேராகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு, "அவளுக்கு ஒரு காபி குடு" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்கள். முப்பது வருஷமாகக் காபி குடித்து வயிறு எரிகிறது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். இரும்புலியூரில் அவர்கள் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையானது. மனையெல்லாம் வீடானது. மிச்சம் இருந்தது ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு ஹார்டுவேர், பெயிண்ட் கடை, சேலையூர் கேம்ப் ரோட்டில் அதன் கிளை. ஆள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபம். சாமி, சகுனம், நல்ல நேரம் எல்லாம் பார்ப்பார். ஃபாரின்காரன் செய்வதையும் அப்படியே செய்வார். இரண்டையும் ஒரே நாளில் செய்வார். அதுதான் பிரச்சினை.

நான் சேலையூரில் ஒரு காலனியில் இருந்தேன். என் கணவர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். எண்பதுகளின் கடைசியில் ஒரு பழைய பியட் வாங்கினோம். அவர் முதல் நாள் எடுத்தார், எங்கள் வீட்டு காம்பவுண்டு சுவரிலேயே இடித்தார், இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். "இது எனக்கு வராது. நீ பாத்துக்கோ." அத்தோடு சரி. அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. தனக்கு வராது என்று சொன்ன ஆம்பிளை என் வாழ்க்கையில் அவர் ஒருத்தர்தான்.

நான் ஓட்டினேன். விடிகாலையில் கேம்ப் ரோட்டில் பழகினேன், லைசென்ஸ் எடுத்தேன். பிறகு காலனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவேன், பிரசவ வலி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அந்தப் பெண்கள்தான் கேட்டார்கள், "அக்கா, எங்களுக்கும் கத்துக்குடுங்களேன்" என்று. ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கத்துத்தர்றேன்னு பக்கத்துல உக்காந்தாருக்கா. கிளட்ச்ச மிதிக்கறதுக்கு முன்னாடி எங்க அப்பாவ இழுத்துத் திட்ட ஆரம்பிச்சிட்டாரு."

அப்போது எனக்குத் தோன்றியது, பெண்களுக்கு மட்டும் ஒரு டிரைவிங் ஸ்கூல். கேம்ப் ரோட்டில் மாமாவின் கிளைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. கேட்டேன். "எடுத்துக்கோம்மா. நம்ம வூடுதானே" என்றார். நாலைந்து பேர் சேருவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களில் முதல் ஆள் என் அக்கா. மாமாவுக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இந்த நேரத்தில்தான் மாமா ஒரு 'வீட்டு வண்டி' செய்தார்.

யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார். பெரிய வேன், உள்ளே கட்டில், அடுப்பு, திரைச்சீலை. வெள்ளைக்காரன் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறான், லாட்ஜ் தேடுவதில்லை, ஓட்டல் தேடுவதில்லை. மாமா உடனே முட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய வேனை வாங்கிவிட்டார். வெல்டிங் பட்டறையில் விட்டு, உள்ளே இரும்புக் கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மேலே பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க், வெளிப்பக்கம் கால் கழுவ ஒரு குழாய் என்று எல்லாம் வைத்தார். வாசலில் காலிங் பெல். கூரையில் டி.வி. ஆன்டெனா. டி.வி. கிடையாது. "பாக்கறவன் இருக்குன்னு நெனச்சுக்கட்டும்" என்றார். எவ்வளவு கழுவியும் முட்டை நாற்றம் மட்டும் போகவில்லை.

வீடு என்று ஆகிவிட்டதால் கிரகப்பிரவேசம் வைத்தார். பால் காய்ச்சினார்கள். பசு மாடு உள்ளே போக வேண்டும் என்றார்கள். அது முன்காலிரண்டையும் படியில் வைத்தது, வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மாடு யோசித்துவிட்டுச் சாணி போட்டது. ஐயர் பார்த்தார். "பாதி போனா போதும். உத்தமம்" என்று மந்திரத்தை முடித்தார். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்திருந்தார். வண்டியை எங்கே நிறுத்தினாலும் கதவு கிழக்கே பார்த்து இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து டீ குடிக்க நிறுத்தினால்கூட மாமா நடு ரோட்டில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்துக் கிழக்கைத் தேடுவார்.

முதல் பயணம் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, அங்கிருந்து மைசூர். மாமா, அக்கா, என் கணவர், நான். வேனுக்குப் பின்னால் என் கார். வேன் இருக்கும்போது எதற்கு என் கார்? அதற்கும் அந்தப் பத்திரிகைதான் காரணம். படத்தில் வேனுக்குப் பின்னால் ஒரு கார் கட்டியிருந்தது.

"மாமா, என் வண்டி நல்லா ஓடுது. பின்னாடியே ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்றேன்.

"ஓட்டிகினு வந்தா அது வேற, கட்டிகினு வந்தா அது வேறம்மா. ஃபாரின்ல கட்டித்தான் இட்டுனு போறான்."

"அவன் எதுக்குக் கட்டுறான்?"

"அவன் படிச்சவன். காரணம் இல்லாம கட்டுவானா?"

கடையிலிருந்து நைலான் கயிறு எடுத்துவந்து கட்டினார். ஓடுகிற காரை இஞ்சினை அணைத்துவிட்டு இழுத்துக்கொண்டு போனோம். ஸ்டீரிங்கைப் பிடிக்கவும் பிரேக் மிதிக்கவும் நான் காரில் உட்கார வேண்டும். மற்ற மூவரும் வேனில். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு விஷயம் தெரிந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயை வேனின் பின்பக்கமாக விட்டிருந்தார்கள். அக்கா அரிசி களைந்தாள். அந்தத் தண்ணீர் முழுக்க என் கண்ணாடி மேல். வைப்பர் போட்டேன். பிறகு காபிச் சக்கை வந்தது. பிறகு கறிவேப்பிலைக் காம்பு. ஹாரன் அடித்துக் கத்தினேன். அக்கா பின் ஜன்னல் திரையை விலக்கி, நான் சந்தோஷமாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கை ஆட்டினாள்.

ரயில்வே கேட்டில் நின்றோம். சுற்றி நின்றவர்களெல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"இன்னாக்கா, இஞ்சின் அவுட்டா?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் கட்டி இஸ்துகினு போறாரு?"

"எங்க மாமாவையே கேளு."

அவர் நிஜமாகவே போய்க் கேட்டார். திரும்பி வந்தார். "அக்கா, உன் வண்டி ஷோக்கா கீது. உங்க மாமாவுக்குத்தான் இஞ்சின் அவுட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் இவ்வளவு நியாயமாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. கேட் திறந்ததும் பின்னால் இருந்த இரண்டு பேர் பரிதாபப்பட்டு என் காரைத் தள்ளிவிட்டார்கள். கார் போய் வேனின் பின்பக்கம் இடித்தது. உள்ளே பாத்திரங்கள் விழும் சத்தம் கேட்டது. மாமா தலையை வெளியே நீட்டி, "பிரேக்கு எங்கம்மா கீதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். முடிச்சூர், படப்பை, ஒரகடம் வரைக்கும் இப்படித்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அப்போது ஒரு ரேஸ் ட்ராக் புதிதாக வந்திருந்தது. அதன் ஓரக்கல்லுக்கு அடித்த சிவப்பு, வெள்ளைப் பெயிண்டில் ஒரு பகுதி மாமா கடையில் வாங்கியது. அந்தப் பழக்கத்தில் அங்கே ஒரு அதிகாரியைத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை, யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து மூன்று சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். போகிற வழிதானே, என் காரை அதில் ஓட்ட வேண்டும் என்று சொன்னது அக்கா.

"போட்டோ எடுத்து போர்டுல போடுடீ. ரேஸ் ட்ராக்குல ஓட்டினவ சொல்லித்தர்றான்னா எந்தப் புருஷன் வேணாம்பான்?"

அது நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனை. எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு போட்டோதான். சேருகிறேன் என்று சொன்ன பெண்கள் ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு புருஷனோ மாமனாரோ இருந்தார். அவர்களுக்கு ஒரு பொம்பளை கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பாள் என்று நம்பிக்கை வர வேண்டும். மாமா தன் கேமராவை என் கணவரிடம் கொடுத்து, கடைசி வளைவில் நிற்கச் சொன்னார். கார் வளைந்து வரும்போது அழுத்த வேண்டும்.

ட்ராக்கில் இருந்தது வேறொரு இளவயது அதிகாரி. தொப்பி, விசில், கையில் கொடி. கயிற்றில் கட்டிய காரையும், அதில் கறிவேப்பிலை ஒட்டிய கண்ணாடியையும், உள்ளே என்னையும் பார்த்தார்.

"மேடம், பிரேக்டவுன் வண்டி எல்லாம் ட்ராக்ல அலவ் பண்ண முடியாது."

"பிரேக்டவுன் இல்ல சார். அவிழ்த்துவிட்டா ஓடும்."

மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். அவர் குனிந்து கயிற்று முடிச்சைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "நீங்கதானே சார் ஓட்டப்போறீங்க?" என்றார்.

"நான் சைக்கிளே மேட்டுல எறங்கித் தள்ளிட்டுப் போவேன். அவங்கதான்" என்றார் இவர்.

ஹெல்மெட் கொடுத்தார்கள். கொண்டைக்கு மேல் ஏறவில்லை. கொண்டையை அவிழ்த்து, பூவை எடுத்து அக்காவிடம் கொடுத்து, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா அதற்குள் வேனைக் கதவு கிழக்கே பார்க்கும்படி நிறுத்திவிட்டு, பூஜைச் சாமானோடு வந்துவிட்டார். காருக்குச் சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம்.

"சார், எந்தப் பக்கமா சுத்தணும்?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"க்ளாக்வைஸ் சார்."

"அப்பாடா. பிரதட்சிணம். எத்தினி சுத்து?"

"மூணு."

"சிவன் கோயில் கணக்கு" என்றார் மாமா திருப்தியாக. அப்புறம் வேனிலிருந்து பெரிய பூசணிக்காய் ஒன்றை எடுத்துவந்தார். மேலே ஓட்டை போட்டு, உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றி, கற்பூரம் ஏற்றி, காரைச் சுற்றினார். திருஷ்டிக்கு. சுற்றிவிட்டுத் தலைக்கு மேல் தூக்கினார். அதிகாரி ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்.

"சார்! ட்ராக்ல எதுவும் உடைக்கக் கூடாது. வண்டி வழுக்கும்."

"சரி சார், சரி சார். இங்க உடைக்கல" என்றார் மாமா.

இந்த 'இங்க'வை யாரும் கவனிக்கவில்லை.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த முதல் சுற்றைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் ஆள் இல்லை. கேம்ப் ரோட்டில் மூன்றாவது கியருக்கு மேல் போனதில்லை. அங்கே எருமை வரும், சைக்கிள் வரும், பஸ் வந்து நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றும். இங்கே ஒன்றுமே வரவில்லை. நாலாவது கியர் போட்டேன். எதிரில் ஆள் வராத ரோடு எப்படி இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. பழக்க தோஷம், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன், கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினேன். யாருக்குக் காட்டினேன்? கார் ஒரு புது மாதிரியாகச் சத்தம் போட்டது. ரிப்பேர்ச் சத்தம் இல்லை. அதற்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கடைசி வளைவில் என் கணவர் கேமராவைத் தூக்கினார், அழுத்த மறந்து வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். பரவாயில்லை, இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது சுற்றில் நான் தூரத்தில் இருந்தபோது மாமாவுக்கு யோசனை வந்திருக்கிறது. சுற்றிய பூசணிக்காயை உடைக்காமல் வைத்திருக்கக் கூடாது. வண்டிக்குள் திரும்பக் கொண்டுபோகவும் கூடாது, திருஷ்டி வீட்டுக்குள் வந்துவிடும். ராகு காலம் வேறு நெருங்குகிறது. உடைக்க வேண்டிய இடம் முச்சந்தி. ரேஸ் ட்ராக்கில் ஏது முச்சந்தி? மாமா தேடிக் கண்டுபிடித்தார். கடைசி வளைவு முடிகிற இடத்தில், வண்டிகள் ட்ராக்கை விட்டு ஓய்வுக்கு உள்ளே திரும்ப ஒரு ரோடு பிரிகிறது. மூன்று பக்கம் ரோடு. அந்த ட்ராக் முழுவதற்கும் அது ஒன்றுதான் முச்சந்தி. அதிகாரி அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே இறங்கி, பூசணிக்காயை ஓங்கி உடைத்தார்.

உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. மாமா பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேராக வேனைப் பார்த்து நடந்தார்.

நான் நாலாவது கியரில் வளைந்து வந்தேன். என் கணவர் கேமராவோடு தயாராக நின்றார். ரோடு முழுக்கச் சிவப்பாக ஏதோ கிடந்தது. பிரேக் போட்டேன். சக்கரம் பூசணித் தோல் மேல் ஏறியது. அப்புறம் கார் தன்னிஷ்டத்துக்குப் போனது. மாமாவின் முதுகு தெரிந்தது, வானம் தெரிந்தது, மறுபடி மாமாவின் முதுகு தெரிந்தது. கார் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் மூக்கை விட்டு நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. கண்ணாடி முழுக்கக் குங்குமத் தண்ணீர்.

எனக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ரத்தம். அதிகாரி விசிலை விடாமல் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அந்த ஆம்புலன்சுக்கு அன்றைக்குக் காலையிலிருந்து வேலையே இல்லை போலிருக்கிறது, ஸ்ட்ரெச்சரோடு மூன்று பேர் பாய்ந்து வந்து என் காலைப் பிடித்தார்கள்.

"படுங்கம்மா, படுங்க."

"எதுக்குப்பா படுக்கணும்? இது பூசணிக்காய்."

"ஷாக்குல பேசறாங்க சார்."

"பூசணிக்காய்டா! மோந்து பாரு!"

ஒருத்தன் விரலால் தொட்டு மோந்து பார்த்தான். "சார், காய்தான் சார்" என்றான். அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு களேபரத்திலும் மாமா திரும்பவில்லை. விசில் கேட்கிறது, கார் இடித்த சத்தம் கேட்கிறது, அக்கா அலறுகிறாள். விதி விதிதான். வேன் வரைக்கும் நிதானமாக நடந்தார், குழாயைத் திறந்து காலைக் கழுவினார், அதற்கப்புறம்தான் திரும்பினார். சிவப்பாக இருந்த காரைப் பார்த்தார். தான் கரைத்த குங்குமத்தைத் தானே ரத்தம் என்று நினைத்து அப்படியே சரிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர்களுக்குக் கடைசியில் ஓர் ஆள் கிடைத்தார்.

டாக்டர் பார்த்தார். "ஒண்ணுமில்ல, மயக்கம்தான். குளுக்கோஸ் ஏத்தறேன். படுக்கவச்சே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது" என்றார். வேனின் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அந்தக் கட்டிலில் முதன்முதலாகப் படுத்தது மாமாதான். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கணவர் பக்கத்தில் நின்றார்.

இப்போது வேனை யார் ஓட்டுவது? அதிகாரிக்கு எங்கள் மேல் வெறுப்பு இருந்தாலும், "நைட் இங்கயே தங்குங்க, காலைல ஒரு டிரைவர் அனுப்பறேன்" என்றார். மாமா கண்ணைத் திறக்காமலே, "இந்தக் காட்டுல எப்படி சார் ராத்திரி தங்கறது?" என்றார். எங்கே வேண்டுமானாலும் ராத்திரி தங்குவதற்காகவே செய்த வண்டிக்குள் படுத்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஓட்டறேன்" என்றேன்.

"நீயா?" என்றார் மாமா. இப்போது கண் திறந்துவிட்டது.

"வேற யாரு? ஐயருடைய மாடா?"

கார் இந்த முறை உண்மையிலேயே ஓடாது. வேனில் கட்டித்தான் இழுக்க வேண்டும். அதில் ஸ்டீரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். என் கணவர் பாட்டிலை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், தனக்குக் கை ஒழியவில்லை என்று காட்டுவதற்காக. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். என் பூவை இன்னும் கையில் வைத்திருந்தாள். அதை ஜன்னலில் சொருகிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தாள்.

என் டிரைவிங் ஸ்கூலின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அங்கேதான் நடந்தது. "வேன் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் திருப்பு. கயிறு தொங்கிச்சுன்னா பிரேக்க மெதுவா மிதி. வேற எதையும் தொடாதே. பயமா இருந்தா ஹாரன் அடி."

"ஹாரன் எதுடீ?"

காட்டினேன்.

கிளம்பினோம். வேனின் கியர் என் காரின் கியர் மாதிரி இல்லை. இரண்டு தடவை நின்றுவிட்டது, மூன்றாவது தடவை பிடிபட்டது. பின்னால் கயிறு இழுபடுவதும் தளர்வதும் ஸ்டீரிங்கிலேயே தெரிந்தது. ஒரகடம் வரைக்கும் அக்கா விடாமல் ஹாரன் அடித்தாள். அதற்கப்புறம் நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து, எதிரில் வரும் லாரிகளை முறைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பஸ்காரன் கயிற்றைக் கவனிக்காமல் நடுவில் நுழையப் பார்த்தான். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னவோ கேட்டாள். எங்கள் அம்மா அப்பா அந்த மாதிரி வார்த்தைகளை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பஸ் ஒதுங்கிவிட்டது.

மாமா கட்டிலில் படுத்தபடி உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். "ரெண்டுக்கு எறக்கு! லாரிக்கு வழி வுடு! மேடு வருது, மேடு!" படப்பை வரைக்கும் இதுதான். படப்பையில் தூங்கிவிட்டார், குறட்டை கேட்டது. இருட்டும் நேரத்தில் இரும்புலியூரில் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஒரு கீறல் இல்லை, ஒரு சைக்கிள்காரர்கூடத் திட்டவில்லை. மாமா எழுந்து உட்கார்ந்து முதலில் சொன்ன வார்த்தை, "கதவு கிழக்க பாக்க நிறுத்தும்மா."

கிழக்கு காலையில் தெரியும், அப்போது நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அக்கா காரிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லாதடீ. நடு ரோட்டுல நான் ஸ்டீரிங் புடிச்சேன்னு தெரிஞ்சா அவர் கடையில தலை காட்ட முடியாதும்பார்" என்றாள். சொல்லவில்லை. அக்காவுக்காக.

மாமா சொன்னார். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். "கொழுந்தியா ரேஸ் ட்ராக்குல வண்டிய வுட்டா பாரு, நேரா டயருக்குள்ள!" என் கணவர் அந்தத் தடவை மட்டும் சரியான நேரத்தில் கேமராவை அழுத்தியிருந்தார். படம் அற்புதமாக வந்திருந்தது. டயர்க் குவியலுக்குள் கார், கண்ணாடி முழுக்கச் சிவப்பு. மாமா அதைப் பெரிதாகப் போட்டு, கேம்ப் ரோட்டுக் கடையில் கல்லா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஆணி வாங்க வந்தவன், டர்பன்டைன் வாங்க வந்தவன் எல்லோரும் பார்த்தார்கள். சேருகிறேன் என்று சொன்ன பெண்களின் புருஷன்மார்களும் ஆணி வாங்குகிறவர்கள்தானே.

பூசணிக்காய் உடைத்தது நீங்கள்தானே என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மறைக்கவே இல்லை. "ஆமா, நான்தான் உடைச்சேன். அதனாலதான் உயிரோட கீற. உடைக்காம இருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனச்சுப் பாரு" என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

ஒருத்தி வீட்டில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். ஒருத்தி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். கிளட்ச் கதை சொன்னவள் மட்டும் உண்மையைச் சொன்னாள்: "அந்தப் படத்தப் பாத்துட்டாருக்கா." பூட்டிக் கிடந்த அறையை மாமா எஸ்.டி.டி. பூத்துக்கு விட்டார். காரைச் சரிசெய்து இன்னும் பல வருஷம் நான் ஓட்டினேன், ஆனால் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டு வண்டி அப்புறம் எங்கேயும் போகவில்லை. கொல்லையில் கிழக்கே பார்த்து நின்றது. பெயிண்ட் டப்பா அடுக்கினார்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். வேறு ஏதோ பேசிவிட்டு, வைப்பதற்கு முன்னால், "அன்னிக்கு நான் ஓட்டினத வேணும்னா சொல்லிக்கோடீ. இனிமே எனக்கு என்ன" என்றாள். ஓட்டினத என்றாள். ஸ்டீரிங் பிடித்தது என்று சொல்லவில்லை. அவளும் இத்தனை வருஷமாக அதை ஓட்டியதாகத்தான் வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்த மாதம் உங்களுக்கு எண்பதாம் கல்யாணம், மாமா. மண்டபம் பிடித்தாயிற்று. சொந்தக்காரர், கடைக்காரர், காலனிக்காரர் எல்லோரும் வருவார்கள். உங்கள் கையில் மைக் கொடுத்தால் டயர்க் கதையைச் சொல்லாமல் விடமாட்டீர்கள், எனக்குத் தெரியும். சொல்லுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் நான் எழுந்து இரண்டு கேள்வி கேட்பேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், காதில் விழவில்லை என்று அப்புறம் சொல்லக் கூடாது.

அன்றைக்கு உங்களைப் படுக்கவைத்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இரும்புலியூர் வரைக்கும் அந்த வேனை ஓட்டிக்கொண்டு வந்தது யார்? பின்னால் வந்த காரில் ஸ்டீரிங் பிடித்து ஓட்டியது யார்?

காபி வேண்டாம். மைக்கைக் கீழே வைக்காமல், அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.